முதலில் பாத்ரூம், கடைசியில் பத்திரம்: வயதாக ஆக வீட்டில் என்னென்ன மாற வேண்டும்?

பிள்ளைக்கு எழுதிக்கொடுத்த வீட்டைப் பெற்றோர் திரும்ப வாங்கலாம் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததிலிருந்து பல குடும்பங்களில் இதே பேச்சுதான். ஒருவர் "எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார், இன்னொருவர் "எழுதிக்கொடுத்தால் போனதுதான்" என்கிறார். இரண்டும் பாதி உண்மை. இன்னொரு பக்கம் கோவையைச் சுற்றி வரும் மூத்தோர் குடியிருப்புகளின் விளம்பரங்களைப் பார்த்து, இருக்கிற வீட்டை விற்றுவிட்டு அங்கே போய்விடலாமா என்று யோசிப்பவர்களும் நிறைய.

இந்த இரண்டுமே கடைசியில் யோசிக்க வேண்டியவை. நம் ஊரில் வரிசை தலைகீழாக நடக்கிறது. அறுபதில் பத்திரம் எழுதிவிடுகிறார்கள், எழுபதில் மகன் வீட்டுக்கு மாறுகிறார்கள், எண்பதில் பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு சுவரில் ஒரு கைப்பிடி வருகிறது. கைப்பிடி முதலில் வந்திருந்தால் மற்ற இரண்டையும் நிதானமாக யோசிக்க நேரம் கிடைத்திருக்கும். அதனால் இந்தக் கட்டுரை பாத்ரூமில் தொடங்கிப் பத்திரத்தில் முடிகிறது.

இது சிலருக்கான விஷயமும் இல்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் அறிக்கைப்படி 2021-ல் தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள், 2031-ல் இது 18.2 சதவீதம் ஆகும். கேரளத்துக்கு அடுத்து நாம்தான்.

உடம்பில் என்ன மாறுகிறது?

பெரும்பாலானோர் வீடு கட்டுவது முப்பத்தைந்திலிருந்து ஐம்பதுக்குள். கட்டும்போது நம் கால், நம் கண், நம் வேகம் இவற்றையே அளவாக வைத்துக் கட்டுகிறோம். வீடு அப்படியே நிற்கிறது, உடம்பு நிற்பதில்லை. வீட்டோடு சம்பந்தப்பட்ட மாற்றங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் முக்கியமானவை இவை:

1. முழங்காலும் இடுப்பும். தாழ்வான இடத்தில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியாது. குந்தி உட்காரும் இந்தியன் டாய்லெட்தான் முதலில் கைவிட்டுப் போகும்.
2. கண். கண்மணி சுருங்குகிறது, கண்ணின் லென்ஸ் மஞ்சளிக்கிறது. இளவயதில் போதுமாக இருந்த அதே பல்ப் எழுபதில் மங்கலாகத் தெரியும். ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு படிகளின் விளிம்பு பிரிந்து தெரியாது.
3. ரத்த அழுத்தம். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் அழுத்தம் இறங்கித் தலை கிறுகிறுக்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது அதிகம்.
4. இரவில் பல தடவை சிறுநீருக்கு எழுவது. சர்க்கரை, ப்ராஸ்டேட், நீர் பிரிக்கும் மாத்திரை என்று காரணம் ஏதாவது ஒன்று இருக்கும்.

இவை நான்கும் ஒன்றாகச் சேரும் இடம் ஒன்று இருக்கிறது.

இரவு இரண்டு மணி

எழுபத்து நான்கு வயது அம்மா ஒருவர் இரவு இரண்டு மணிக்கு எழுகிறார் என்று வையுங்கள். பக்கத்தில் பேரன் தூங்குவதால் லைட் போடவில்லை. எழுந்த வேகத்தில் லேசாகத் தலை சுற்றுகிறது, பிடித்துக்கொள்ளக் கட்டிலின் சட்டம் தவிர வேறொன்றும் இல்லை. ஏழெட்டு அடி நடந்தால் பாத்ரூம். சுவிட்ச் கதவுக்கு வெளியே, கொஞ்சம் எட்டவேண்டிய உயரத்தில். கதவைத் திறந்தால் உள்ளே தரை இரண்டு அங்குலம் தாழ்வு, தண்ணீர் அறைக்குள் வராமல் இருக்கக் கொத்தனார் அப்படித்தான் வைப்பார். குளிக்கும் இடமும் டாய்லெட்டும் ஒரே அறை என்பதால் ராத்திரி கடைசியாகக் கை கால் கழுவியவர் விட்ட ஈரம் இன்னும் காயவில்லை. அந்த ஈரத்தில் கால் வைக்கிறார், அவசரத்துக்குத் துண்டு மாட்டும் கம்பியைப் பிடிக்கிறார், இரண்டு சின்ன ஸ்க்ரூவில் நிற்கும் அந்தக் கம்பி கையோடு வந்துவிடுகிறது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறார். கதவு உள்பக்கமாகத் திறக்கும் கதவு, விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடப்பதால் தாழ்ப்பாளை உடைத்தாலும் கதவைத் தள்ள முடியவில்லை.

இதில் ஒவ்வொன்றும் சின்ன விஷயம், ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சரிசெய்யலாம். ஒரு கொத்தனாரும் ஒரு பிளம்பரும் சில நாளில் முடிக்கிற வேலை:

1. வழுக்காத டைல்ஸ். புதிதாகப் போட முடியாவிட்டால் நன்றாகப் பிடிக்கும் ரப்பர் பாய். பளபளக்கும் டைல்ஸை ஹாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.
2. கழிப்பறை பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று என இரண்டு கைப்பிடிகள். ஸ்டீல் கம்பி, செங்கல் சுவருக்குள் இறங்கும் ஆங்கர் போல்ட். ஓர் ஆளின் முழு எடையும் ஒரு கணத்தில் அதில் விழும், அதற்குத் தாங்க வேண்டும். வெறும் டைல்ஸில் ஒட்டும் கைப்பிடி வேண்டவே வேண்டாம்.
3. வெஸ்டர்ன் டாய்லெட்டின் உயரம். கடையில் வாங்கும் பல மாடல்கள் நாற்பது சென்டிமீட்டருக்குச் சற்று முன்பின் இருக்கும், முட்டிவலிக்காரர்களுக்கு 45 சென்டிமீட்டர் தேவை. மேலே பொருத்தும் உயர்த்தி மெடிக்கல் கடைகளில் கிடைக்கிறது.
4. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், அல்லது நகர்த்தும் கதவாக இருக்க வேண்டும். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கும் வகை.
5. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் தரையோரமாக ராத்திரி முழுக்க எரியும் ஒரு மங்கலான விளக்கு. கரண்ட் போனாலும் எரிகிற மாதிரி இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவிடுங்கள்.
6. உட்கார்ந்து குளிக்க, ரப்பர் காலுள்ள உறுதியான ஸ்டூல். லேசான பிளாஸ்டிக் ஸ்டூல் ஈரத்தில் நகரும்.

"இன்னும் அந்த அளவுக்கு வயதாகவில்லை" என்று பெரியவர்கள் தடுப்பார்கள். கைப்பிடி என்றால் நோயாளி என்ற எண்ணம் ஆழமாக இருக்கிறது. அடுத்த தடவை பாத்ரூம் டைல்ஸ் மாற்றும்போது "எல்லோருக்கும்தான்" என்று சொல்லிப் போட்டுவிடுவது நல்ல வழி, உண்மையும் அதுதான், முட்டியில் அடிபட்ட இருபது வயதுக்காரனும் அதைப் பிடித்துத்தான் எழுவான்.

வாசற்படி, மாடி, லிஃப்ட்

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் தெரு உயர்கிறது, மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது, அதனால் புது வீடு கட்டுபவர்கள் அடிமட்டத்தை மூன்று அடி, நான்கு அடி என்று ஏற்றுகிறார்கள். வெள்ளத்துக்கு இது சரி, 2015-ஐப் பார்த்த சென்னைக்காரர்களிடம் வேறு யோசனை சொல்ல முடியாது. ஆனால் சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1-க்கு 12 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். மூன்று அடி உயரம் ஏற 36 அடி நீளச் சாய்தளம் தேவை. அரை கிரவுண்டு மனையில் அதற்கு இடமே இல்லை. வாசலில் பைக் ஏற்றப் போட்டிருக்கும் செங்குத்துச் சாய்வு அதற்கு உதவாது, தள்ளுகிறவர் கைநழுவினால் நாற்காலி தெருவில்தான் நிற்கும்.

அப்புறம் என்ன செய்வது? படிகளை உயரம் குறைவாக, அகலமாகக் கட்டலாம், படிக்கு ஆறு அங்குலம் என்பது ஏற வசதியானது. இரண்டு பக்கமும் கைப்பிடி வையுங்கள், ஒரு பக்கம் மட்டும் போதாது, பக்கவாதம் வந்தவருக்கு எந்தக் கை வேலை செய்யும் என்று முன்கூட்டித் தெரியாது. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் வேறு நிறத்தில் ஒரு பட்டை. மாடி வீட்டில் பெரியவர்கள் மேலே, வாடகைக்காரர் கீழே என்றிருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்தில் பாத்ரூமோடு சேர்ந்த ஒரு அறை இல்லாமல் புது வீட்டுக்கு பிளான் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுக்குமாடிகளில் 1980, 90-களில் கட்டிய மூன்று மாடிக் கட்டடங்கள்தான் பெரிய கவலை. அன்று நாற்பது வயதில் இரண்டாம் மாடியை விரும்பி வாங்கியவர்களுக்கு இன்று எண்பது நெருங்குகிறது, லிஃப்ட் இல்லை. பொதுச் செலவில் லிஃப்ட் வைக்கலாம் என்றால் கீழ்த்தளத்துக்காரர் "எனக்கு எதற்கு" என்பார். முழுக் கட்டடத்தையும் இடித்துக் கட்ட, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். லிஃப்ட் வரும், சரிதான். ஆனால் அதுவரை சில வருடம் வாடகை வீட்டில் இருக்க வேண்டியது அந்த எண்பது வயதுக்காரர். அவருக்குத் தரைத்தள வாடகை வீடும் அதற்கான பணமும் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

லிஃப்ட் இருக்கிற இடத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். நான்கு பேர் ஏறும் சின்ன லிஃப்ட்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது. ஆம்புலன்ஸ்காரர்கள் ஆளை நாற்காலியில் வைத்தோ பெட்ஷீட்டில் சுற்றியோ படிவழியே இறக்குவார்கள்.

வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறது?

ஓய்வுப் பணத்தில் ஊருக்கு வெளியே மனை வாங்கி, தோட்டத்தோடு வீடு கட்டிக்கொள்ளும் ஆசை பலருக்கு உண்டு. அறுபதில் அது நன்றாகவே இருக்கும், ஸ்கூட்டர் ஓட்டுகிறோம், எல்லாம் பத்து நிமிஷம். எழுபத்தைந்தில் கண்ணுக்காக ஸ்கூட்டரை நிறுத்துகிறார்கள், அந்த நாளிலிருந்து வீடு தீவாகிவிடுகிறது. மெடிக்கல் ஷாப், பால், காய்கறி, கோயிலோ பள்ளிவாசலோ சர்ச்சோ, பேச ஒரு ஆள், இவை நடக்கிற தூரத்தில் இல்லாத வீடு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வயதானவருக்குச் சின்ன வீடுதான்.

பழைய வீடுகளில் திண்ணை இருந்தது. கொல்லைப்புறக் கழிப்பறையும் உயரமான நிலைப்படியும் முதியவர்களைப் பாடாய்ப் படுத்தின, அதை மறக்க வேண்டாம். ஆனால் திண்ணையில் உட்கார்ந்தால் தெருவே வந்து பேசிவிட்டுப் போகும். இன்று அதே வேலையை வாசல் பக்கம் போட்ட ஒரு கைவைத்த நாற்காலியும் கம்பி கேட்டும் செய்யும், எட்டடி மதிற்சுவரும் இரும்புத் தகடு கேட்டும் செய்யாது.

படுக்கையில் விழுந்தால்

எண்பதுக்கு மேல் வீடே ஓரளவு மருத்துவமனையாக வேண்டியிருக்கும். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரையிலிருந்து பிசியோதெரபி வரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் வீட்டில் அதற்கு இடம் வேண்டும். சுவரோடு ஒட்டிப் போட்ட கட்டிலில் ஒருவரைப் புரட்டிப் படுக்கவைக்க முடியாது, இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடைவெளி வேண்டும். பாத்ரூம் கதவு பெரும்பாலும் இரண்டரை அடி, சட்டம் போக மிஞ்சுவதில் சக்கர நாற்காலி உரசிக்கொண்டு நிற்கும். மூன்று அடி வழி இருந்தால் நிம்மதி. பார்த்துக்கொள்ள வரும் பெண் இரவில் எங்கே படுப்பார், எங்கே உடை மாற்றுவார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். அந்த வசதி இல்லாத வீட்டில் யாரும் இரண்டு மாதம் தங்குவதில்லை.

மறதி நோய் இருப்பவருக்கு இடமாற்றம் தனிக் கஷ்டம். இருபது வருடம் இருந்த வீட்டில் சுவிட்சும் தாழ்ப்பாளும் கைக்குத் தெரியும். மூன்று மாதம் பெரியவன் வீடு, மூன்று மாதம் சின்னவன் வீடு என்று மாற்றிக்கொண்டே இருந்தால் அவருக்கு ஒவ்வொரு தடவையும் பாத்ரூம் எந்தப் பக்கம் என்பதே புதுப் பாடம். பிள்ளைகள் முறை வைத்து இவர்கள் இருக்கும் வீட்டுக்கு வந்து தங்குவது நடக்கிற காரியமா என்று முதலில் பாருங்கள். எங்காவது மாறித்தான் ஆக வேண்டும் என்றால் நடக்க முடிகிற, புது ஆட்களோடு பழக முடிகிற வயதிலேயே மாறுவது நல்லது. அறுபத்தெட்டில் மாறுவதும் எண்பத்திரண்டில் மாறுவதும் ஒன்றில்லை.

மூத்தோர் குடியிருப்பு: வார்த்தைகளைப் பிரித்துக்கொள்வோம்

முதியோர் இல்லம் என்பது அறையும் சாப்பாடும் தரும் இடம், இலவசமாகவோ மாதக் கட்டணத்திலோ. மூத்தோர் குடியிருப்பு என்பது நாம் விலைக்கோ ஆயுள் குத்தகைக்கோ எடுக்கும் தனி வீடு, பொதுச் சமையலறை, நர்ஸ், ஆம்புலன்ஸ் வசதியோடு. மூன்றாவது வகை, குளிப்பாட்டுவது வரை ஆள் உதவி தரும் பராமரிப்பு இல்லம். விளம்பரத்தில் மூன்றும் கலந்தே வரும். பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்க வேண்டியவை:

1. விற்பனையா, டெபாசிட்டா? டெபாசிட் என்றால் காலி செய்யும்போதோ இறந்த பிறகோ எவ்வளவு கழிப்பார்கள், எத்தனை நாளில் தருவார்கள்? விற்பனை என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் என்ன?
2. மாதக் கட்டணம் ஆண்டுக்கு எவ்வளவு ஏறும், யார் முடிவு செய்வது?
3. படுத்த படுக்கையானால் அங்கேயே வைத்துக்கொள்வார்களா? சொந்தச் செலவில் ஆள் வைக்கச் சொல்வார்களா, வெளியேறச் சொல்வார்களா? மறதி நோய் வந்தால்?
4. கணவர் இறந்தால் மனைவி அதே வீட்டில் அதே கட்டணத்தில் தொடரலாமா?

மூன்றாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் அங்கே போக வேண்டாம். நாம் அங்கே போவதே அதற்காகத்தான். இத்தகைய குடியிருப்புகளுக்கு மத்திய அரசு 2019-ல் மாதிரி வழிகாட்டு விதிகள் வெளியிட்டது, ஆனால் நம்மைக் கடைசியில் காப்பாற்றப்போவது கையெழுத்திடும் ஒப்பந்தம்தான்.

இந்தப் பேச்செல்லாம் கையில் பணமோ வீடோ இருப்பவர்களுக்கு. மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருப்பவருக்குக் கழிப்பறையே பொதுவில்தான், அதுவும் வீட்டுக்கு வெளியே. பகலில் சாப்பாடும் துணையும் தரும் 25 அன்புச்சோலை மையங்களைத் தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. தேவையைப் பார்த்தால் அது தொடக்கம் மட்டுமே.

இனி பத்திரம்

செட்டில்மெண்ட் என்கிற தானப் பத்திரம் ஏன் இவ்வளவு பிரபலம்? செலவு குறைவு. விற்பனை என்றால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் என்றால் முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 ரூபாய் (2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட தொகை). "இப்பவே எழுதிட்டா பின்னாடி சண்டை வராது" என்ற எண்ணமும் சேர்கிறது. ஆனால் பதிவான அன்றே உரிமை கைமாறுகிறது. பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு ஒவ்வொன்றாகப் பெயர் மாறும். எழுதிக்கொடுத்தவர் தானாகப் போய் ரத்து செய்ய முடியாது.

உயில் அப்படி இல்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசி உயில்தான் செல்லும், உயிரோடு இருக்கும் வரை வீடு உங்களுடையது. இரண்டு சாட்சி போதும், பதிவு கட்டாயம் இல்லை, செய்துகொள்வது நல்லது. கணவர் பெயரில் வீடு இருந்தால் உயில் இன்னும் அவசியம். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் இல்லாமல் அவர் இறந்தால் வீடு முழுவதும் மனைவிக்குப் போகாது. மூன்று பிள்ளைகள் இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, கணவரின் தாயார் இருந்தால் அதுவும் குறையும். பிள்ளைகள் இருக்கும்போது கிறிஸ்தவ மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, முஸ்லிம் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு.

இனி அந்தத் தீர்ப்பு. 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு சொல்வது இது: பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளாவிட்டால், அந்தப் பத்திரம் மோசடியாகவோ வற்புறுத்தலாலோ எழுதி வாங்கியதாகக் கருதப்படும், தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம். நிபந்தனை பத்திரத்தில் இருக்க வேண்டுமா என்பதில்தான் குழப்பம்.

1. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அப்படியொரு நிபந்தனை இருந்ததை நிரூபித்தால்தான் 23-வது பிரிவு பொருந்தும் என்றது.
2. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேச வழக்கில் அதே நீதிமன்றம் மகனுக்குத் தாய் எழுதிய பத்திரத்தை ரத்து செய்தது, சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. அந்த வழக்கில் பார்த்துக்கொள்வேன் என்று மகன் தனியாக எழுதிக்கொடுத்ததாகத் தாய் காட்டிய கடிதம் இருந்தது என்பதை வாட்ஸ்அப் செய்திகள் சொல்வதில்லை.
3. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் நாகப்பட்டினம் வழக்கொன்றில், அன்பும் பாசமும் காரணமாக எழுதிய பத்திரத்தில் நிபந்தனை உள்ளடங்கியே இருக்கிறது என்றது.

காற்று பெற்றோர் பக்கம் வீசுகிறது. ஆனாலும் அதை நம்பி எழுதாதீர்கள், வழக்கு நடக்கும் காலத்தில் எண்பது வயதுக்காரர் எங்கே இருப்பார்? அதற்குள் வீடு விற்கப்பட்டோ அடமானம் போயோ இருந்தால் சிக்கல் பல மடங்கு. மருமகள் அந்த வீட்டில் குடியிருந்தால் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி அவருக்குள்ள வசிப்புரிமையையும் பார்க்க வேண்டும் என்று 2020-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதுவும் நியாயமானதே.

எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் பத்திரத்தில் இரண்டு விஷயம் தெளிவாக இருக்கட்டும். ஒன்று, "எங்கள் இருவர் ஆயுட்காலம் வரை இந்த வீட்டில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமை எங்களுக்கு உண்டு, அதுவரை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது" என்ற வாசகம். இருவர் என்ற சொல் முக்கியம், கணவர் பெயர் மட்டும் இருந்தால் அவருக்குப் பிறகு மனைவி வெளியே. இரண்டாவது, உணவு, உறைவிடம், மருத்துவம் தரத் தவறினால் பத்திரம் செல்லாது என்ற நிபந்தனை. பத்திரம் எழுதுபவர் "இதெல்லாம் வழக்கமில்லை சார்" என்பார். எழுதச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே எழுதிக்கொடுத்துவிட்டு இப்போது கஷ்டப்படுபவர்கள் தங்கள் பகுதி கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம், அங்கேதான் தீர்ப்பாயம். அடுத்த மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம், 60 நாளுக்குள். வக்கீல் இல்லாமலே நீங்கள் நேரில் பேசலாம். பத்திர நகல், வில்லங்கச் சான்று, வயதுச் சான்று, மருந்துச் சீட்டுகள், பணம் கேட்டு அனுப்பிய மெசேஜ்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குப் பேசினால் வழி சொல்வார்கள்.